புனர்வாழ்வு விடுதிக்குக் காத்திருக்கும் நாட்களையும் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வைத்தியசாலைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளைத் தவறாமல் வாசிப்பவள் நான். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, இத்தனை கட்டில்கள் கையளிக்கப்பட்டன, வெளிநாட்டில் வாழும் ஊரவர்கள் சக்கர நாற்காலிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று கிழமைக்குக் கிழமை ஏதாவது வருகிறது. வரவேண்டிய செய்திகள்தான். அத்தகைய நிகழ்வுகளுக்குப் போகும் உங்கள் செய்தியாளர்கள் இனிமேல் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். பாரிசவாதமோ முள்ளந்தண்டு முறிவோ கண்ட ஒருவர், அவசர சிகிச்சை முடிந்து, இனி இழந்த நடையையும் பேச்சையும் மீட்கும் புனர்வாழ்வுப் பயிற்சிக்குப் போகலாம் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து, புனர்வாழ்வு விடுதியில் அவருக்குக் கட்டில் கிடைத்த நாள்வரை எத்தனை நாள் காத்திருக்கிறார்?

நான் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆகவே இந்தக் கேள்விக்கு ஏன் விடை கிடைப்பதில்லை என்பதை ஓரளவு உள்ளே இருந்து சொல்ல முடியும்.

விடுதிகளிலிருந்து கட்டுக்கட்டாக வரும் பி.எச்.ரி.களை, அதாவது ஒவ்வொரு நோயாளிக்கும் விடுதியில் எழுதப்படும் சிகிச்சைக் குறிப்புத் தாள்களை, ஒழுங்குபடுத்துவது, வைத்தியர் எழுதிய நோய்க்குச் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தைப் பார்த்துக் குறியீடு இடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு அறிக்கை அனுப்புவது, இவைதான் எங்கள் வேலை. அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, நோய், உயிருடன் போனாரா, இறந்தாரா, வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டாரா என்பவை எல்லாம் அதில் இருக்கும். நள்ளிரவில் ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கும் உண்டு. இவற்றைக் கொண்டுதான் கட்டில் நிரம்பல் வீதம், சராசரித் தங்கும் நாட்கள் எல்லாம் கணிக்கப்படுகின்றன. நிரம்பல் வீதம் நூறு என்றால் விடுதி நிறைந்துவிட்டது என்று அறியலாம். வெளியே காத்திருப்பவர்கள் ஐந்து பேரா ஐம்பது பேரா என்பதை அந்த எண் சொல்லாது.

ஒருவர் பெரிய வைத்தியசாலையில் இரண்டு கிழமை இருக்கிறார் என்று வையுங்கள். பிறகு, கட்டில் வந்ததும் அழைப்பார்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவருடைய கணக்கு மூடப்படுகிறது. இரண்டு மாதம் கழித்து அவர் புனர்வாழ்வு விடுதிக்குப் போகிறார். அங்கே அவர் புதிய அனுமதி. முதற் பதிவேட்டில் இரண்டு கிழமை இருக்கிறது, இரண்டாவது பதிவேட்டில் அங்கே தங்கிய காலம் இருக்கிறது. நடுவில் வீட்டுத் திண்ணையில் கழிந்த இரண்டு மாதம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போதாததற்கு, யாழ் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. ஒரு நிர்வாகத்தின் வாசலைத் தாண்டி இன்னொரு நிர்வாகத்தின் வாசலை அடையும்வரை நோயாளி யாருடைய பொறுப்பு என்பதே தெளிவில்லாதபோது, அந்த நாட்களை எண்ணுவது யாருடைய வேலை என்பது எப்படித் தெளிவாகும்?

இதை இப்போது எழுதத் தூண்டியது என் தம்பிக்கு நேர்ந்தது. புன்னாலைக்கட்டுவனில் வெங்காயமும் மரவள்ளியும் செய்யும் தோட்டக்காரர் அவர். ஆவணி மாதம் ஒரு விடியற்காலை கிணற்றடியில் விழுந்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் விரைவாக வந்தது. வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த விடுதியின் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. வலது பக்கம் முழுவதும் செயலிழந்தது. அதோடு பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்ற ஒரு சொல்தான் வரும். வலிக்கிறதா என்றாலும் ஓம், வலிக்கவில்லையா என்றாலும் ஓம். முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டோம்.

அடுத்த கிழமையே வைத்திய நிபுணர், இவரைப் புனர்வாழ்வு விடுதிக்கு அனுப்பலாம், இப்போதே தொடங்கினால் நல்லது என்றார். கடிதம் எழுதப்பட்டது. கட்டில் இல்லை என்று பதில் வந்தது. டயக்னோசிஸ் கார்ட்டையும் கிளினிக் கொப்பியையும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தொலைபேசி அழைப்பு வந்தபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது.

பழைய பழக்கத்தில் அந்தக் கடிதத்தை நான் வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். நோய், குருதி அமுக்கம், மருந்துகள், ஸ்கேன் முடிவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. புனர்வாழ்வுக்குத் தகுதியான நாள் எது என்று ஒரு வரி எங்கும் இல்லை. பிறகு நானே புனர்வாழ்வு விடுதிக்குப் போய் விசாரித்தேன். எந்த விடுதி என்று குறிப்பிட விரும்பவில்லை. அங்கே இருப்பவர்கள் ஓய்வில்லாமல் வேலை செய்பவர்கள். காத்திருப்போர் பட்டியல் ஒரு சி.ஆர். கொப்பியில் இருந்தது. பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், நோய். திகதிக்கு நிரல் இல்லை. கட்டில் கிடைத்து வந்தவரின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார்கள். தொலைபேசி எடுக்காதவரின் பெயரும், வேறிடம் போனவரின் பெயரும், காத்திருந்த காலத்தில் இறந்துபோனவரின் பெயரும் அதே சிவப்புக் கோட்டால்தான் வெட்டப்பட்டிருந்தன. யார் எந்தக் காரணத்தால் வெட்டப்பட்டார் என்று அந்தத் தாதி உத்தியோகத்தர் நினைவிலிருந்து எனக்குச் சொன்னார். அவர் இடமாற்றம் பெற்றுப் போகும் நாளில் அந்த நினைவும் அவரோடு போய்விடும்.

அந்தக் காலத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருப்பு என்றால் ஒன்றும் நடக்காமல் இருக்கும் காலம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த முறை. தசை தளர்ந்துபோன தோளை அப்படி இழுத்தால் மூட்டு கீழே இறங்கும். தம்பிக்குத் தோள் நுனிக்குக் கீழே ஒரு விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் வலியில் முகம் சுருங்கும். கை விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகியது. மச்சாள் பழைய வேட்டித் துண்டைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக் கட்டிவிட்டார். தண்ணீர் குடித்தால் புரைக்கேறியது. பரியாரியார் ஒருவர் வந்து எண்ணெய் பூசி உருவிவிட்டார். மனம் ஆறுதல் பெற்றது என்பதைத் தவிர அதில் வேறு பலனை நான் காணவில்லை. கடைசியில் புனர்வாழ்வு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இயன் மருத்துவர் தொடக்க நாட்களை அந்தத் தோளைச் சீராக்குவதற்கே செலவிட வேண்டியிருந்தது. இன்று தம்பி தடியூன்றி முற்றம்வரை நடக்கிறார். கை திரும்பவில்லை. அதற்குக் காத்திருப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மூளையில் ஏற்பட்ட சேதம் பெரிது. ஆனால் தோள் இறங்கியது வைத்தியசாலையில் அல்ல, காத்திருந்த வீட்டில்.

பாரிசவாதத்துக்குப் பின் கைகால் மீள்வதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. பிறகும் முன்னேற்றம் வரும், வேகம் குறைந்துவிடும். அதற்காக விழுந்த மறுமணியே எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்பதில்லை. 2015 இல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு 5 நாடுகளில் 2,104 நோயாளரைக் கொண்டு இதைப் பார்த்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாடவைத்தவர்களுக்கு மூன்று மாத முடிவு வழமையான பராமரிப்புப் பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே ‘தயாரான நாள்’ என்பது வைத்தியர் நோயாளியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. தீர்மானித்த நாளை எழுதிவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொருவரைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி பெரிய வைத்தியசாலையில் இருந்த அதே காலத்தில் பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த ஒரு சீவல் தொழிலாளியும் அங்கே இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரையும் பட்டியலில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். உணர்வில்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இரவிலும். அவருடைய மனைவி பகலில் கூலி வேலைக்குப் போக வேண்டியவர். அந்த வீட்டில் காற்று மெத்தை இல்லை. இடுப்பின் பின்புறம் படுக்கைப் புண் வந்தது, ஆழமாகியது. கட்டில் கிடைத்துவிட்டது என்று அழைப்பு வந்து கூட்டிக்கொண்டு போனபோது, இந்தப் புண்ணோடு பயிற்சி கொடுக்க முடியாது, ஆறியபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவ ரீதியில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அந்தப் புண் காத்திருந்ததால் வந்தது. அதே புண் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கொப்பியில் சிவப்புக் கோடு.

கட்டில் கிடைத்தவர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று மட்டும் யாராவது நாளைக்குக் கணக்கெடுத்தால், இந்த மனிதர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். மிக நீண்ட காலம் காத்திருந்து, கிடைக்காமலே போனவர்களின் நாட்கள் பூச்சியமாகிவிடும். காத்திருப்பை அளப்பதில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய தவறு இதுதான் என்று கருதுகிறேன். பட்டியலில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு எழுதப்பட வேண்டும்: அனுமதிக்கப்பட்டார், இறந்தார், உடல்நிலை மோசமாகித் தகுதி இழந்தார், தானே மறுத்தார், வேறிடம் போனார், தொடர்புகொள்ள முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் திகதி. எத்தனை நாள் என்ற எண்ணுக்குப் பக்கத்தில், பட்டியலில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கட்டிலைக் காணாமலே போனார்கள் என்ற எண்ணும் நிற்க வேண்டும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலும் கவனம் வேண்டும். நோய் வந்த நாள், கடிதம் எழுதிய நாள், ஏற்கும் விடுதி பெயரைப் பதிந்த நாள், தயாரான நாள், அனுமதித்த நாள் என்று ஐந்து திகதிகள் இருக்கின்றன. கடிதம் போன நாளிலிருந்து எண்ணினால், இன்னும் காய்ச்சல் விடாதவரை முன்கூட்டியே பட்டியலில் போட்ட நாட்களும் சேர்ந்து, ஏற்கும் விடுதியின் மீது அநியாயமாகப் பழி விழும். ஏற்கும் விடுதி பெயரைப் பதிந்த நாளிலிருந்து எண்ணினால், கடிதம் மேசையில் கிடந்த நாட்கள் மறைந்துவிடும். தயாரான நாளிலிருந்து எண்ணுவதே நேர்மையானது. அந்தத் திகதியை அனுப்பும் விடுதி எழுத வேண்டும். ஏற்கும் விடுதி அதை ஒப்புக்கொள்ளாவிட்டால், ஏன் என்ற காரணத்தோடு தன் திகதியைப் பக்கத்தில் எழுதட்டும். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு அடிக்கடி வந்தால், அதுவே இரண்டு விடுதிகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம்.

சராசரியை மட்டும் சொல்வதும் போதாது. உதாரணத்துக்கு ஐந்து பேர் முறையே 3, 4, 5, 6, 62 நாட்கள் காத்திருந்தார்கள் என்று வைப்போம். சராசரி 16 நாள். ஆனால் அந்த ஐவரில் எவரும் பதினாறு நாளை ஒட்டிக்கூடக் காத்திருக்கவில்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 5 நாள். அது பெரும்பாலானவர்களின் நிலையைச் சொல்கிறது, அறுபத்திரண்டு நாள் கிடந்தவரை மறைக்கிறது. ஆகவே நடுவில் நிற்பவரின் நாளையும், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் கட்டில் கிடைத்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். இந்த இரண்டாவது எண்ணில்தான் சீவல் தொழிலாளிகளும், தீவுப்பகுதியிலிருந்து வருபவர்களும், கேட்க ஆளில்லாத முதியவர்களும் இருப்பார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு விடுதி நல்ல மனதோடு, நீண்ட காலம் காத்திருந்தவர்களை முதலில் எடுப்போம் என்று முடிவுசெய்தால், அந்தக் காலாண்டில் அனுமதிக்கப்பட்டவர்களின் காத்திருப்பு நாள் கூடிவிடும். புதிதாக வந்தவர்களை மட்டும் எடுத்து, பழையவர்களைத் தொடாமல் விட்ட விடுதியின் எண் அழகாக இருக்கும். செய்த நன்மைக்கே கெட்ட பெயர் வரும். அதனால்தான், அனுமதிக்கப்பட்டவர்களின் கணக்கோடு, காலாண்டின் கடைசி நாளில் இன்னும் பட்டியலில் நிற்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் அதுவரை எத்தனை நாள் நின்றுவிட்டார்கள் என்பதையும் எடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் நான் கண்டுபிடித்தது அல்ல. என் மகள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறாள். அங்கே புனர்வாழ்வு வைத்தியசாலைகள் தங்கள் நோயாளர் பதிவுகளைத் தேசியப் புனர்வாழ்வு அறிக்கை முறைமை என்ற ஒன்றுக்கு அனுப்புகின்றன. அந்தப் பதிவில் ‘அனுமதிக்குத் தயாரான திகதி’ என்று ஒரு நிரல் இருக்கிறது. அனுமதித்த திகதியிலிருந்து அதைக் கழித்தால் காத்திருந்த நாட்கள் வந்துவிடும். அதோடு, அவசர சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாமல் பெரிய வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நாட்களையும் தனியாக எண்ணுகிறார்கள். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவாக வொலொங்கோங் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் இயங்கும் ஒரு நிலையம் தயாரான திகதியோடு நில்லாமல், தாமதம் ஏற்பட்டதா, ஏற்பட்டால் காரணம் என்ன என்றும் கேட்கிறது. நோயாளியின் உடல்நிலையா, சேவையின் குறைபாடா, உபகரணம் இல்லாமையா என்று வகைப்படுத்துகிறார்கள். அங்கேயும் காத்திருப்பு இருக்கிறது. எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டு பேசுகிறார்கள்.

நம்மிடமும் கருவி இல்லாமல் இல்லை. நான் சேவைக்காலம் முழுவதும் கையில் வைத்திருந்த அந்த நோய் வகைப்பாட்டுப் புத்தகத்திலேயே ‘இசட் 75.1’ என்று ஒரு குறியீடு இருக்கிறது. வேறிடத்தில் பொருத்தமான வசதியொன்றில் அனுமதிக்காகக் காத்திருக்கும் நபர் என்பது அதன் பொருள். வைத்தியர் எழுதினால்தான் பதிவேட்டுப் பிரிவு குறியிட முடியும். டயக்னோசிஸ் கார்ட்டில் ‘புனர்வாழ்வு விடுதிக்குக் காத்திருக்கிறார்’ என்று ஒரு வரியும் தயாரான திகதியும் எழுதப்பட்டால், மற்றதைச் செய்ய எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நாட்களோடு இன்னொன்றையும் பதிந்தால் பெரும் பயன் கிடைக்கும். பார்த்தெல் சுட்டி என்று 1965 முதல் பாவனையில் உள்ள ஒரு புள்ளி முறை இருக்கிறது. உண்பது, உடுப்பது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது, மலசலகூடம் போவது என்று பத்து விடயங்கள், மொத்தம் நூறு புள்ளி. இயன் மருத்துவர்களுக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்கும் பழக்கமானது. தயாரான நாளில் ஒருமுறையும் அனுமதித்த நாளில் ஒருமுறையும் அதைப் போட்டால், காத்திருந்த காலத்தில் அந்த மனிதர் எதைப் பெற்றார், எதை இழந்தார் என்பது தாளில் தெரியும். என் தம்பியின் தோளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திராது.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டில் இல்லையென்றால் ராகமைக்குப் போகலாமே என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை நாட்டுக்கே பெரும் சேவை செய்யும் இடம். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். ஆனால் பேச்சை இழந்த ஒருவருக்குப் பேச்சை மீட்டுக் கொடுப்பவர் அவருடைய தாய்மொழியில் பேச வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த ஒரு தோட்டக்காரருக்குச் சிங்களச் சூழலில் பேச்சுச் சிகிச்சை எப்படி நடக்கும்? மச்சாள் தோட்டத்தையும் பிள்ளைகளையும் விட்டு அங்கே போய் எங்கே தங்குவார்? இப்படி மறுப்பவரின் பெயருக்கு நேரே ‘தானே மறுத்தார்’ என்று எழுதி விடயத்தை முடித்துவிடக் கூடாது. ஏன் மறுத்தார் என்பதும் பதியப்பட வேண்டும். மாங்குளத்தில் நெதர்லாந்தின் உதவியுடன் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்றே ஒரு பிரிவு எழுப்பப்பட்டிருக்கிறது. வடக்கில் எத்தனை பேர், எந்தச் சிகிச்சைக்கு, எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதற்கு எத்தனை இயன் மருத்துவர்கள், எத்தனை பேச்சுச் சிகிச்சையாளர்கள் வேண்டும் என்று ஆதாரத்தோடு கேட்கலாம்.

ஆளணி இல்லாத நேரத்தில் இன்னொரு பதிவேடா என்று விடுதியில் இருப்பவர்கள் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்களும் தாதியர்களும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார்கள். பதிவேடு ஒரு கட்டிலையும் கூட்டித் தராது என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்பது, ஏற்கனவே இருக்கும் அந்த சி.ஆர். கொப்பியில் நான்கு நிரல்களைக் கூட்டுவதைத்தான்: தயாரான திகதி, முடிவு, முடிவுத் திகதி, காரணம். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எங்கள் காலத்தில் ஆளணி கேட்டு எழுதிய கடிதங்களில், எண் இருந்தவற்றுக்குத்தான் பதிலாவது வந்தது. ‘நோயாளர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள்’ என்ற வசனத்துக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்து நான் பார்த்ததில்லை.

இதைத் தண்டிக்கும் கோலாக ஆக்கிவிடவும் கூடாது. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு நான்கு மணி நேர இலக்கு வைத்தபோது, நான்காவது மணி முடியும் தறுவாயில்தான் ஏராளமான நோயாளர்கள் அனுமதிக்கப்பட்டார்கள் என்பது அவர்களுடைய எண்களிலேயே தெரிந்தது. இத்தனை நாளுக்குள் எடுக்காவிட்டால் நடவடிக்கை என்று இங்கே ஒரு சுற்றறிக்கை வந்தால், தயாரான திகதியே பின்னுக்குப் போய்விடும். முதலில் சில ஆண்டுகள் எண்ணிப் பார்ப்போம். எண்ணுவதை எல்லோரும் நம்பும்படி செய்வோம். இலக்கைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26 ஆம் உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் இயன்றளவு ஆரம்பக் கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார சபை 2023 மே மாதத்தில், புனர்வாழ்வைச் சுகாதாரத் துறைக்குள் வலுப்படுத்துவதற்கென முதன்முதலாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆரம்பக் கட்டத்தில் தொடங்கியதா இல்லையா என்பதைத் திகதி எழுதாமல் எப்படிச் சொல்ல முடியும்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் கொடுத்தேன். கடந்த ஆண்டில் புனர்வாழ்வு விடுதிக்கான காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், காத்திருந்த நாட்கள் எத்தனை என்று கேட்டிருந்தேன். மரியாதையான, குறித்த காலத்துக்குள் வந்த பதில்: அவ்வாறான தகவல்கள் பேணப்படுவதில்லை.

ஆகவே மூன்று தரப்பினரிடம் வேண்டுகிறேன். மாகாண சுகாதார அமைச்சும் மத்திய அமைச்சின் கீழுள்ள வைத்தியசாலையும் சேர்ந்து ஒரே மாதிரியான ஒரு பதிவேட்டை வடக்கு முழுவதற்கும் ஏற்படுத்தட்டும். அனுப்பும் விடுதியில் ஒரு பிரதி, ஏற்கும் விடுதியில் ஒரு பிரதி. நோயாளர் நலன்புரிச் சங்கங்கள் தங்கள் கூட்டங்களில் கட்டிட நிதியைப் பேசும்போது இதையும் ஒரு விடயமாக எடுக்கட்டும். பதிவேடு அச்சிடும் செலவு அவர்களுக்குப் பெரிதல்ல. வீட்டில் யாராவது காத்திருக்கும் வாசகர்கள், வைத்தியர் ‘அனுப்பலாம்’ என்று சொன்ன திகதியைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் அவரைக் கொண்டே எழுதுவித்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்டால் எந்த வைத்தியரும் மறுக்கமாட்டார். கட்டில் கிடைத்த நாளையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன நிரல்களோடு ஒரு மாதிரிப் பதிவேட்டுப் பக்கத்தை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கணினி தேவையில்லை, கோடு போட்ட எந்தப் பெரிய கொப்பியிலும் அமையும். தகவல் அறியும் விண்ணப்பத்தின் பிரதியும் பதிலின் பிரதியும் கூடவே உள்ளன. நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எந்த விடுதியாவது இந்தப் பதிவேட்டை ஆரம்பிக்க முன்வந்தால், முதற் காலாண்டின் கணக்கைப் போட்டுக் கொடுக்க நான் வருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டு உத்தியோகத்தர்,
இணுவில்.